சின்சான் ஊர் தெரியும், மைனா ஊர் தெரியுமா?

தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வட்டாரத்தில் மாங்கா படிக்கிற, அனிமே பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு,



சின்சான் தமிழில் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அந்த வால் பையனின் ஊரான கசுகாபே நிஜமாகவே இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தில் உள்ள நகரம் அது. 2004-இல் அந்த நகராட்சி சின்சானின் நொஹாரா குடும்பம் முழுவதையும் தன் சிறப்புக் குடிமக்களாகப் பதிவு செய்துகொண்டது. பேனாவால் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதிவேட்டில் இடம் கொடுக்க ஒரு நகராட்சிக்கு மனம் வந்திருக்கிறது. அந்த ஊரைப் பார்க்க ரசிகர்கள் எங்கெங்கிருந்தோ போகிறார்கள். உங்களில் சிலரும் அந்த ஆசையில் காசு சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். அவசியம் போய்வாருங்கள். அதற்கு முன்னால், நீங்கள் பிறந்த பள்ளத்தாக்கைப் பற்றி இந்த மடலுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

கசுகாபே வழியாகப் போகும் அதே தோபு ரயில் தடத்தில் இன்னும் வடக்கே போனால் வாஷினோமியா என்ற நிலையம் வரும். பழைய ஷிண்டோ கோயில் ஒன்றுதான் அந்தச் சிற்றூரின் அடையாளம். 2007-இல் 'லக்கி ஸ்டார்' அனிமே ஒளிபரப்பானது. ககாமி யோஷிமிசு வரைந்த மாங்காவிலிருந்து எடுத்த தொடர். அதில் வரும் இரட்டைச் சகோதரிகள் கோயில் பூசாரி வீட்டுப் பெண்கள். தொடரின் தொடக்கப் பாட்டில் வாஷினோமியா கோயில் வாசல் சில நொடி வந்து போகிறது. அந்தச் சில நொடி போதுமானதாக இருந்தது. அந்தக் கோடையிலேயே கேமராவும் கையுமாக இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் முதலில் மிரண்டார்கள். பிறகு உள்ளூர் வணிகர் சங்கத்தார் ரசிகர்களிடமே போய்ப் பேசினார்கள், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பதிப்பகத்தின் அனுமதியோடு, கோயிலில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகையின் வடிவில் செல்போன் தொங்கட்டான்கள் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கடையில் குவிக்காமல் ஊர்க் கடைகள் பலவற்றுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். தொங்கட்டான் தேடி வந்தவர் கடை கடையாக ஏறி இறங்க, ஊரே அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த அந்தக் கோயிலின் புத்தாண்டு வழிபாட்டுக் கூட்டம் 2008-இல் 3 லட்சமாகவும், 2009-இல் 4 லட்சத்து 20 ஆயிரமாகவும் ஏறியது. 2008 செப்டம்பர்த் திருவிழாவில் லக்கி ஸ்டார் பாத்திரங்கள் வரைந்த பல்லக்கொன்றையும் ரசிகர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தோளில் தூக்கினார்கள்.

அங்கே இதற்கு 'செய்ச்சி ஜுன்ரெய்' என்று பெயர், தல யாத்திரை. அந்த யாத்திரிகர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். செல்போனில் மாங்காவின் ஒரு கட்டத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு தெருமுனை, ஒரு மின்கம்பம், பின்னால் ஓட்டுக்கூரை, அதற்கும் பின்னால் மலையின் விளிம்பு. மின்கம்பம் அந்தக் கூரையை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, கேமராவிலும் அதே இடத்தில் வெட்ட வேண்டும். அதற்காக இரண்டடி முன்னால், அரையடி இடப்பக்கம், அப்புறம் முழங்காலிட்டு என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கோடும் கோடும் சேர்ந்த நொடியில், வரைந்தவர் பார்த்த இடத்திலிருந்தே தாங்களும் பார்ப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். மாங்காவின் கட்டத்தையும் தாங்கள் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து, வரைபடத்தில் புள்ளி குத்தி, அடுத்து வருகிறவருக்காகப் போட்டு வைப்பார்கள். ரயில் நிலையத்திலோ கடையிலோ ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்; வந்தவர்கள் நாலு வரி எழுதுவார்கள், படம் போடுவார்கள். பெரும்பாலான ஊர்களில் ரசிகர்கள்தான் முதல் வரைபடம் போட்டார்கள். அமைப்புகள் பின்னால் வந்தன. 2016-இல் தொடங்கிய அனிமே சுற்றுலாச் சங்கம், ஷிகோக்குத் தீவின் 88 புத்தக் கோயில் யாத்திரையை முன்மாதிரியாகக் கொண்டு 88 தலங்களைத் தேர்ந்தெடுத்தது.

ஷிகா மாகாணத்தின் தொயொசாதோ ஊரில் 1937-இல் கட்டிய ஆரம்பப் பள்ளிக் கட்டடம் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடிக்கப் பார்த்தார்கள். ஊர் மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 'கே-ஆன்!' மாங்கா 2009-இல் அனிமே ஆனபோது அதில் வரும் பள்ளிக்கு இந்தக் கட்டடத்தின் சாயல் இருந்தது. கதையில் இசைக்குழுப் பெண்கள் பாட்டுப் பழகுவதைவிட டீ குடிப்பதுதான் அதிகம். அதனால் ரசிகர்கள் அந்தக் கட்டடத்தின் அறையொன்றில் கதையில் உள்ளபடியே மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கோப்பைகளையும் கேக்கையும் எடுத்து வைத்தார்கள். ஊர் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அவர்கள் தேடி வந்தபோது அந்த அறை இருந்தது.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணால் அளந்து, கட்டத்தோடு காட்சியைப் பொருத்தி, அலுக்காமல் தேடும் இந்தப் பழக்கம் இன்று தேனி மாவட்டத்தில் யாரிடமாவது இருக்கிறது என்றால் அது உங்களிடம்தான். அந்தக் கண்ணுக்கு இங்கே செய்ய நிறைய இருக்கிறது.

பாரதிராஜா அல்லிநகரத்துப் பிள்ளை. ஸ்டுடியோச் சுவரை உடைத்துத் தமிழ் சினிமாவைக் கிராமத்துக்கு அழைத்து வந்தவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதனால் '16 வயதினிலே' மயிலின் ஊர் நம் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த 1977-ஆம் ஆண்டுப் படம் கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம் எடுத்தது. 'முதல் மரியாதை'யின் ஆறும் பரிசலும் காவிரிக் கரையில் தலக்காட்டுப் பக்கத்தவை. மனத்தில் அல்லிநகரம், கேமரா முன்னால் கொள்ளேகால். எந்தத் தெருமுனை எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல ரசிகனின் கண் வேண்டும். தகவல் பலகையில் தப்பான ஊர்ப் பெயர் ஏறிவிட்டால் பிறகு அதை இறக்குவது பெரும்பாடு.

நம் மண்ணிலேயே எடுத்தவையும் இருக்கின்றன. 2010 தீபாவளிக்கு வந்த பிரபு சாலமனின் 'மைனா' போடிக்கு மேற்கே குரங்கணி மலையில் படமானது. தலைதீபாவளிக்கு மாமனார் வீடு போக வேண்டிய ஜெயிலர், தப்பியோடிய சுருளியைத் தேடி மலையேறும் கதை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' தேனியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காட்டையும் ஆட்டுக் கிடைகளையும் காட்டியது; விஜய் சேதுபதி நாயகனாக நடித்த முதல் படம். அந்த ஆண்டின் தேசிய விருதுகளில் 'மைனா'வுக்காகத் தம்பி ராமையா சிறந்த துணை நடிகர், 'தென்மேற்குப் பருவக்காற்று'க்காக சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகை. ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்து மலையும் கரடும் இரண்டு நடிப்புக் கலைஞர்களுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்திருக்கின்றன. அந்த இடங்களை எத்தனை பேரால் கை காட்ட முடியும்?

2018 ஆகஸ்டில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. தேனிக்கும் இடுக்கிக்கும் இடையே ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடைசியில் கைவிட்டுப் போன நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்கிறான். தேவாரம், கோம்பைப் பக்கம் விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தில் கற்பனை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். இந்தப் படத்துக்கு ஒரு வரைபடம் போடுங்கள். அது சுமைப் பாதைகளின் வரைபடமாகவும் இருக்கும்.

அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் அதே மலையடிவாரத்தில் பிறந்தவர். அவர் ஊரான பண்ணைப்புரம் தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே இருக்கிறது. 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தல். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராசன் பாடப் போனார். அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்ட அவருடைய சின்னத் தம்பிதான் பிற்பாடு இளையராஜா. ரோசம்மா ஜெயித்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் குரல்கள் மலையேறிய வழியில் இன்று ஒரு ரசிகர் போக முடியும். போடிமெட்டு தாண்டினால் தேவிகுளம் தூரமில்லை. பண்ணைப்புரத்தைத் தேடி வருகிறவர் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், இந்தப் பாதையையும் பார்க்க வேண்டும்.

நீருக்கடியில் போன தலமும் ஒன்று உண்டு. வைரமுத்து பிறந்த மெட்டூர் வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று. குடும்பம் பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டிக்கு வந்து சேர்ந்தது. 1959 ஜனவரியில் அணை திறந்தது. அந்த இடப்பெயர்வைத்தான் 2001-இல் ஆனந்த விகடனில் வந்த 'கள்ளிக்காட்டு இதிகாசம்' சொல்கிறது. 2003-இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது. பேயத்தேவரின் வீடு எங்கே என்று கேட்டு வரும் வாசகருக்கு அணையின் நீர்ப்பரப்பைத்தான் காட்ட முடியும். ஆனால் இடம்பெயர்ந்து வந்தவர்களில் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் திசையில் களம் இருந்தது, எந்தப் பக்கம் கோயில் இருந்தது என்று கரையில் நின்று கை நீட்டிச் சொல்ல அவர்களால் முடியும். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த மடலில் அவசரம் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

சினிமாவுக்கும் அப்படியே. ஷூட்டிங் வேடிக்கை பார்த்த தாத்தாக்கள், கூட்டத்தில் நிற்க வைக்கப்பட்ட அப்பத்தாக்கள், மாட்டு வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர், யூனிட்டுக்குச் சமைத்துப் போட்டவர் எல்லோரிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது, தலைக்குள்ளே. போய் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் போதும், பேச்சு தானாக வரும்.

மாங்கா ரசிகர்களான உங்களிடம் படத்தையும் நாவலையும் பற்றியே பேசுவது ஏன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கைக் களமாக வைத்த ஒரு நல்ல தமிழ் சித்திரக்கதை இனிமேல்தான் வரைந்தாக வேண்டும்; உங்களில் யாரோ ஒருவர் கையால் அது வரட்டும் என்பதும் இந்த மடலின் ஆசை. கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கைவரை போய் இடங்களைப் பார்த்துவந்தார். அந்தத் தொடரைப் படித்தவர்கள் இன்றும் வீராணம் ஏரிக்கரையில் தொடங்கி கோடிக்கரை வரைக்கும் போகிறார்கள். வரைகிறவர் முதலில் போக வேண்டும். வாசகர் பின்னால் வருவார்.

வரைவதற்கு இங்கே என்ன குறைச்சல்? குரங்கணியையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு முன்பு மூணாறுத் தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, சாலை வழியாகப் போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தில் மலைமேல் ரயில் அழிந்தது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மேகத்துக்குள் தொங்கிப் போகும் தேயிலைப் பெட்டிகளை ஒரு ஜப்பானிய ஓவியர் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

இப்போது கசப்பான பகுதி. அன்பு மிகுந்த கூட்டமும் ஊருக்குப் பாரமாகும்.

'ஸ்லாம் டங்க்' உங்களுக்குத் தெரியும். தகெஹிகோ இனோவுவேயின் அந்தக் கூடைப்பந்து மாங்கா 1990 முதல் 1996 வரை வந்தது. அனிமேயின் தொடக்கப் பாட்டில் வரும் ரயில்வே கிராஸிங் கமகுராவில், எனோடென் தடத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 2022 டிசம்பரில் புதிய திரைப்படம் வந்த பிறகு கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. நடுச்சாலையில் நின்று படமெடுப்பது, அடுத்தவர் வீட்டு வாசலை அடைப்பது, குப்பை போடுவது. ஒழுங்குபடுத்த நகராட்சி காவலர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு அது வீட்டுக்குப் போகும் வழி; ரசிகருக்குத் திருத்தலம். இந்த இரண்டும் ஒரே இடம் என்பதை மறந்தால் யாத்திரை கெட்டுவிடும்.

நம் பக்கத்தில் கொடைக்கானல் குணா குகை. 1991-இல் 'குணா' எடுத்ததால் பெயரே மாறிப்போன இடம். 2006-இல் எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞுமல் ஊர் நண்பர்களில் ஒருவர் அங்குள்ள பள்ளத்தில் விழ, இன்னொரு நண்பர் இறங்கி மீட்டார். அந்த உண்மைக் கதை 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' ஆனதும், வேலி போட்ட அதே இடத்துக்குக் கூட்டம் பெருகியது. உயிர் தப்பிய கதையைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டப் பார்ப்பவர் அந்தப் படத்தைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது.

குரங்கணியைப் பற்றி எழுதும்போது 2018 மார்ச் 11-ஐத் தாண்டிப் போக முடியாது. கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள்; 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். தீ பரவியபோது மலையில் ஏறி, காயம்பட்டவர்களைச் சுமந்துவந்தவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். மைனாவின் மலையும் இந்த மலைதான். உங்கள் வரைபடத்தில் குரங்கணி ஊரும் சாலையோரமும் இருக்கட்டும். காட்டுக்குள் போகும் பாதைகளுக்குப் பக்கத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். கோடைக்காலத்தில் அந்தப் பாதைகளைக் காட்டவே வேண்டாம். மேகமலையும் 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்கே எந்தக் காட்சியையும் தேடிச் சாலையை விட்டு இறங்காதீர்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடு எதையும் வாசலோடு படமெடுத்துப் போடாதீர்கள், கேட்டு, அவர்கள் சரி என்று சொன்னாலொழிய.

அன்பு வைத்தவரைத் தேடிப் போவதை இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்துக் கொடுத்த பென்னிகுவிக்கின் படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வீடுகளும் கடைகளும் இங்கே எத்தனையோ. அவர் பிறந்த ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப் மணிமண்டபத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஒரு இன்ஜினியருக்கு இவ்வளவு செய்யும் ஊர், தன் கதைசொல்லிகளுக்கும் செய்யும். ஆரம்பித்து வைக்கத்தான் ஆள் வேண்டும்.

முதல் வரைபடத்துக்குப் பத்து இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் காட்சி ஒன்று, இன்றைய படம் ஒன்று, அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த பெரியவர் சொன்ன நாலு வரி, அவர் சம்மதித்தால் மட்டும். பஸ் எங்கிருந்து, எத்தனை மணிக்கு, கழிவறை எங்கே, சாப்பாடு எந்தக் கடையில் என்பதையும் சேருங்கள். டீக்கடைக்காரர் யாராவது இடம் கொடுத்தால் அங்கே ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வையுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கும் உங்கள் பழைய பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

ஜப்பானிய மொழி பழகிக்கொண்டிருப்பவர்கள் உங்களில் இருந்தால் அந்த மொழியிலும் ஒரு பக்கம் எழுதுங்கள். வெறும் ஆசைக்காகச் சொல்லவில்லை. 1998-இல் 'முத்து' டோக்கியோவின் சிபுயாவில் ஒரே தியேட்டரில் 23 வாரம் ஓடியதிலிருந்து அங்கே தமிழ்ப் படத்துக்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். 2023-இல் 'ஜெயிலர்' பார்ப்பதற்காகவே ஒசாகாவிலிருந்து ஒரு தம்பதி விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தார்கள். அதே 2023 ஜூனிலிருந்து சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. அதில் வந்து இறங்கும் ஒருவருக்கு, போடியிலிருந்து சிலமலை, தேவாரம் வழியாகப் பண்ணைப்புரம் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று அவர் மொழியில் எழுதிவைத்தவர்கள் நீங்களாக இருங்கள்.

அன்புடன்,
இதே பள்ளத்தாக்கின் தண்ணீர் குடித்த ஒரு வாசகர்